திரும்பாத பில் திரை: டேப்லெட் வைத்திருக்கும் கடைக்காரர்கள் அறிய வேண்டியவை

கணிப்பொறி வைக்க இடமில்லாத கல்லா மேசைகளில் இப்போது டேப்லெட் இடம் பிடித்திருக்கிறது. அடக்க விலை குறைவு, மின்சாரம் போனாலும் சில மணி நேரம் தாங்கும், தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கிலேயே சரக்குக் கணக்கு எடுக்கலாம் என்ற வசதிகளை உத்தேசித்து மளிகை வியாபாரிகள் பலரும் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்களில் பலருக்கும் வருகிற சந்தேகம் ஒன்று உண்டு. டேப்லெட்டைப் படுக்கைவாக்கில் வைத்தால் மற்றதெல்லாம் திரும்புகிறது. பில் போடும் செயலி மட்டும் நெட்டுவாக்கிலேயே நிற்கிறது. டேப்லெட்டில் கோளாறா, செயலியில் கோளாறா?

பெரும்பாலும் டேப்லெட்டில் கோளாறு இருக்காது. புவியீர்ப்பின் திசையை உணரும் சிறு சில்லு ஒன்று அதனுள் இருக்கிறது. தராசு முள் எந்தத் தட்டு இறங்கியது என்று காட்டுவதுபோல, டேப்லெட்டின் எந்த விளிம்பு கீழே இருக்கிறது என்று அது காட்டும். மேசைமீது மல்லாத்தி வைத்துவிட்டால் எந்த விளிம்பும் கீழே இல்லை. ஆகவே கடைசியாக நின்ற வாக்கிலேயே திரை நிற்கும். மேசையில் கிடந்ததைக் கையில் எடுத்தவுடன் திரை சட்டென்று புரள்வதற்கும் இதுவே காரணம்.

சில்லு காட்டினால் மட்டும் போதாது. செயலியை எழுதியவரும் அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு செயலிக்குள்ளும் விவரக்குறிப்பு ஒன்று உண்டு. அதில் 'நெட்டுவாக்கு மட்டும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், டேப்லெட்டை எப்படிப் புரட்டினாலும் அந்தச் செயலி அசையாது.

எதில் தடை என்று கண்டுபிடிப்பது சுலபம். திரையின் மேலிருந்து விரலால் கீழே இழுத்தால் வரும் பலகத்தில் தானாகச் சுழலும் வசதி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். கடைப் பையன்கள் கை பட்டு அது அணைந்திருப்பது சர்வசாதாரணம். பிறகு இணைய உலாவியைத் திறந்து டேப்லெட்டைத் திருப்புங்கள். உலாவி திரும்பி, பில் செயலி திரும்பவில்லை என்றால் தடை செயலியில்தான். உலாவியும் திரும்பவில்லை என்றால் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்து, அதன் பிறகே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். முகப்புத் திரையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சில டேப்லெட்டுகளில் முகப்புக்குத் தனி அமைப்பு உண்டு.

ஏன் பூட்டி வைக்கிறார்கள்?

நம் நாட்டில் பில் செயலிகளும் பணம் வாங்கும் செயலிகளும் பெரும்பாலும் கைப்பேசியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. கைப்பேசியை யாரும் நெட்டுவாக்கில்தான் பிடிப்பார்கள். படுக்கைவாக்குக்கென்று இன்னொரு பக்க அமைப்பு வரைவது கூடுதல் வேலை, கூடுதல் செலவு. இது ஒரு காரணம். இதை யாரும் மறைப்பதில்லை.

இன்னொரு காரணத்தைத்தான் வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் திரை திரும்பும்போது, அதுவரை காட்டிய பக்கத்தை அமைப்பு கலைத்துவிட்டு, புதிய அளவுக்கு மறுபடியும் கட்டுகிறது. இதுதான் அதன் வழக்கமான நடைமுறை. பாதி போட்ட பில்லில் இருக்கும் சரக்குகளை உடனுக்குடன் சேமித்து வைக்கும்படி செயலியை எழுதியிருந்தால், திரும்பிய பின்னும் பில் அப்படியே இருக்கும். எழுதவில்லையென்றால் 22 சரக்கு ஏற்றிய பில் ஒரு நொடியில் வெற்றுத்தாளாகிவிடும். தீபாவளிக்கு முந்தின நாள் மாலையில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சேமிப்பு வேலையைச் செய்யாமல், திரை திரும்புவதையே பூட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் செயலிகளும் உண்டு.

பூட்டினால் தீர்ந்ததா என்றால், இல்லை. பக்கத்தைக் கலைத்துக் கட்டும் அதே நடைமுறை வேறு சமயங்களிலும் வரும். புளூடூத் பார்கோடு ஸ்கேனர்கள் பலவும் டேப்லெட்டின் கண்ணுக்கு ஒரு தட்டச்சுப் பலகைதான். பேட்டரியை மிச்சப்படுத்த ஸ்கேனர் தூங்கிப்போய், மறுபடி விழித்து இணைகிறது அல்லவா? 'பலகை போயிற்று, பலகை வந்தது' என்று அமைப்பு கருதி, அப்போதும் பக்கத்தைக் கலைத்துக் கட்டக்கூடும். சில கடைகளில் 'காரணமே இல்லாமல் பில் அழிகிறது' என்று சொல்வதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

2025 ஜூனில் வெளியான ஆண்ட்ராய்டு 16 இன்னொரு மாறுதலைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 7 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெரிய திரைகளில், அந்தப் பதிப்புக்கென்று தயாரான செயலிகள் போடும் 'நெட்டுவாக்கு மட்டும்' என்ற கட்டுப்பாட்டை அமைப்பு பொருட்படுத்தாது. விளையாட்டுச் செயலிகளுக்கு இது பொருந்தாது. மற்றவர்களும் அந்தப் பதிப்பில் விலக்குக் கேட்டுக்கொள்ள வழி இருந்தது. நமக்கு இதனால் நன்மையும் உண்டு, அபாயமும் உண்டு. இதுவரை திரும்பாத செயலி ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு திடீரென்று திரும்ப ஆரம்பிக்கலாம். பூட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த சேமிப்புக் குறையும் அன்றுதான் வெளியே வரலாம். ஆகவே பெரிய புதுப்பிப்பு எதையும் பண்டிகை நாட்களில் ஏற்றாமல், வியாபாரம் மந்தமான நாளில் ஏற்றிப் பரிசோதிப்பது நல்லது.

நட்டம் எவ்வளவு?

10.1 அங்குல டேப்லெட்டைப் படுக்கைவாக்கில் வைத்தால் திரையின் அகலம் சுமார் 22 செ.மீ., உயரம் சுமார் 13½ செ.மீ. இருக்கும். சரக்கின் பெயர், அளவு, விலை, வரி, தொகை என்று ஐந்து பத்திகளும் ஒரே வரியில் அடங்கும். 'பொன்னி புழுங்கல் 26 கிலோ சிப்பம்' என்ற நீண்ட தமிழ்ப் பெயரும் வெட்டுப்படாது. நெட்டுவாக்கில் பூட்டிய செயலியை இப்படிப் படுத்த டேப்லெட்டில் திறந்தால், பல டேப்லெட்டுகளில் அது நடுவில் ஒரு குறுகிய பட்டையாக வந்து, இரு பக்கமும் கறுப்பாக நிற்கும். திரையின் விகிதத்திலேயே பட்டையும் அமைந்தால் அதன் அகலம் சுமார் 8½ செ.மீ.தான். கைப்பேசியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. கொடுத்த காசுக்குத் திரையில் பத்தில் நான்கு பங்கு மட்டுமே உழைக்கிறது.

ஐபேடிலும் இந்தக் கதை உண்டு. ஐபோனுக்கென்று மட்டும் எழுதிய செயலிகள் ஐபேடில் சிறு சட்டத்துக்குள் திறக்கும், அல்லது அப்படியே பெருக்கிக் காட்டும். 2010-ல் ஐபேட் வெளிவந்தது. இன்ஸ்டாகிராம் நிறுவனமே 2025 செப்டம்பரில்தான் அதற்கென்று தனிச் செயலி வெளியிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே 15 வருடம் எடுத்துக்கொண்டது என்றால், சிறு பில் செயலிக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை

பில் செயலியை விற்றவர் அதே கணக்கை இணைய உலாவியிலும் திறக்க வழி செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். உலாவி திரும்புமாதலால் பக்கமும் விரியும். அது இல்லையென்றால் திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதி கைகொடுக்கும். டேப்லெட்டைப் படுக்கைவாக்கில் வைத்து, இடப்பாதியில் பில் செயலி, வலப்பாதியில் கால்குலேட்டர் அல்லது விலைப்பட்டியல் என்று திறக்கலாம். பிரித்த திரையில் ஆண்ட்ராய்டு அந்தப் பூட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. பாதித் திரையும் நெட்டுவாக்கான வடிவில்தான் இருக்குமாதலால் செயலியும் சிரமமின்றி அமையும். பழைய டேப்லெட்டில் சில செயலிகள் இதற்கு இணங்காமல் போகலாம். ஆனாலும் செலவில்லாத வழி இது. முதலில் முயன்று பார்க்கத்தக்கது.

திரையைக் கட்டாயமாகத் திருப்பித் தருவோம் என்று சொல்லும் தனிச் செயலிகளும் கிடைக்கின்றன. இவற்றை கல்லா டேப்லெட்டில் ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. இவை வேலை செய்ய 'மற்றச் செயலிகளின் மேல் காட்ட' என்ற அனுமதி தர வேண்டும். போலித் திரையை மேலே விரித்து ரகசிய எண்ணைக் கறக்கும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் இதே அனுமதியைத்தான். யு.பி.ஐ. பணமும் வங்கிக் கணக்கும் புழங்கும் சாதனத்தில், திரை அகலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் கதவைத் திறந்து வைக்கலாமா?

இன்னொன்று. எல்லாக் கடைக்கும் திரும்பும் திரை தேவைப்படாது. தொகையைக் காட்டுவதற்காக டேப்லெட்டை வாடிக்கையாளர் பக்கம் சாய்க்கும்போது திரை புரண்டால் இரண்டு பேருக்கும் எரிச்சல்தான். படுக்கைவாக்கில் ஒழுங்காகத் தெரியும் செயலி கிடைத்துவிட்டால், அந்த நிலையில் வைத்துத் தானாகச் சுழலும் வசதியை நாமே அணைத்துவிடுவது உத்தமம்.

புதிதாக வாங்குவோருக்கு

வருடச் சந்தா கட்டுவதற்கு முன், இலவசமாகத் தரும் சோதனை நாட்களில், உங்கள் கடை டேப்லெட்டிலேயே ஏற்றிப் பாருங்கள். விற்பனையாளர் தன் கைப்பேசியில் காட்டுவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பத்துப் பதினைந்து சரக்குடன் ஒரு பில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு டேப்லெட்டைத் திருப்புங்கள். பிறகு ஸ்கேனரை அணைத்து மறுபடி போடுங்கள். பணம் வாங்கும் செயலிக்குப் போய் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு முறையும் சரக்குகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் மாறாமல் இருக்க வேண்டும். திரை திரும்பாத, ஆனால் பில் அழியாத செயலியை வாங்கலாம். திரை அழகாகத் திரும்பி, பில்லைத் தொலைக்கும் செயலியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஏற்கெனவே ஒரு செயலியில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், திரை திரும்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நடு வருடத்தில் மாற்றுவது வீண் தொல்லை. ஜி.எஸ்.டி. பில் எண்கள் ஒரு நிதியாண்டுக்குள் தொடர் வரிசையில், இரட்டிப்பு இல்லாமல் வர வேண்டும் என்பது விதி. தனி வரிசை தொடங்க இடமுண்டு என்றாலும், ஏப்ரல் 1-ல் புதுக் கணக்கோடு மாறுவதே குழப்பமில்லாதது. அதற்குள் சரக்குப் பட்டியல், கடன் பாக்கி, கையிருப்பு மூன்றையும் எக்செல் கோப்பாக எடுக்க முடிகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

டேப்லெட்டுக்கு ஸ்டாண்டு வாங்குவதையும் செயலியை முடிவு செய்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள். டேப்லெட்டுகள் பலவற்றில் சார்ஜர் துளை குறுகிய விளிம்பில் இருக்கிறது. நெட்டுவாக்கில் மட்டும் நிற்கும் செயலியோடு அதை ஸ்டாண்டில் நிறுத்தினால், துளை அடியில் போய் ஒயர் மடங்கும். சில மாதத்தில் துளையே தளர்ந்துவிடும். தலைகீழாக வைக்கலாமே என்றால், சில செயலிகள் நெட்டுவாக்கிலும் ஒரே பக்கத்தை மட்டுமே ஏற்கும். அடியில் ஒயர் போக இடைவெளி விட்ட ஸ்டாண்டாகப் பார்த்து, டேப்லெட்டைக் கடைக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.