ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கண்ணா, நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் இறங்கப் போவதாகச் சொன்னாய். நான் தடுக்கவில்லை, தடுத்தால் மறைத்துச் செய்வாய். 2000 ஜூன் 12-ல் தேசியப் பங்குச்சந்தையில் இது தொடங்கிய காலம் முதல் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் புரோக்கர் ஆபீஸ்களில் உட்கார்ந்து பார்த்து வருகிறேன். செய்தியை முந்திக் கணிக்கும் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அளவோடு நின்றவர்கள்தான் இன்றும் இருக்கிறார்கள். செய்தி எப்போது, எப்படி வரும் என்பது உன் கையில் இல்லை. அது வரும்போது உன்னிடம் எத்தனை லாட் இருக்கும் என்பது மட்டும் உன் கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

1. புள்ளியில் எண்ணாதே, ரூபாயில் எண்ணு. லாட் அளவு அவ்வப்போது மாறும். 2024 நவம்பரில் நிஃப்டிக்கு 75 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில், நிஃப்டி 24,000-ல் இருந்தால் ஒரு லாட் 18 லட்சம். நீ கட்டும் மார்ஜின் அதில் ஒரு பகுதி. ஏறி இறங்குவதோ முழு 18 லட்சமும். 100 புள்ளி உனக்கு எதிராகப் போனால் 7,500 ரூபாய். அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிப் பார். எழுதும்போது மனசு பதறினால் அந்த டிரேடு உனக்கானது இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

2. செய்தி தெரிந்தால் போதும் என்று நினைக்காதே. 2024 ஜூன் 3-ல் தேர்தல் கருத்துக் கணிப்பை நம்பி நிஃப்டி 733 புள்ளி ஏறியது. அன்று மாலை பாண்டி பஜாரில் ஒரு நண்பர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 1,379 புள்ளி சரிந்தது. இத்தனைக்கும் ஆட்சி மாறவில்லை. யார் வெல்வார்கள் என்று அவர் சொன்னது பலித்தது, பணம் போனது. சந்தை எவ்வளவு எதிர்பார்த்து ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்.

3. காலண்டரை மட்டும் நம்பாதே. பட்ஜெட், ரிசர்வ் வங்கிக் கூட்டம் எல்லாம் நாள் குறித்து வருபவை. ஆனால் 2022 மே 4-ல் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் நாள் குறிக்காமல் பிற்பகல் 2 மணிக்குத் தோன்றி, ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தினார். நிஃப்டி 391 புள்ளி இறங்கி முடிந்தது. தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர்கள் திரையைப் பார்த்து அப்படியே நின்றார்கள். எழுந்து போகுமுன் ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டுப் போ. செய்தி வரும் நொடியில் விலை அதையும் தாண்டிக் குதிக்கும். ஆகவே ஸ்டாப் லாஸ் இருக்கிற தைரியத்தில் லாட்டைக் கூட்டாதே.

4. நேற்றைய பாடத்தை இன்றைக்குப் பொருத்தாதே. 2020 மார்ச் 13 காலையில் சந்தை திறந்த சில நிமிடங்களில் 10 சதவீதம் விழுந்து, வணிகம் 45 நிமிடம் நின்றது. பிறகு மீண்டு, நிஃப்டி அன்றே 365 புள்ளி லாபத்தில் முடிந்தது. மார்ச் 23-லும் அதே சரிவு, அதே 45 நிமிட நிறுத்தம். 'இதுவும் திரும்பும்' என்று வாங்கியவர்கள் நிறையப் பேர். திரும்பவில்லை, அன்று 13 சதவீதம் போனது. ஒரே மாதம், ஒரே மாதிரிக் காலை, நேர்மாறான மாலை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு சற்று விலகி நிற்பது கோழைத்தனம் இல்லை.

5. நஷ்டத்தில் இருக்கும்போது லாட் கூட்டாதே. லஸ் பக்கத்தில் ஓர் ஆபீஸில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஒருவர் உட்காருவார். அவர் நஷ்டத்தில் இருக்கிறாரா என்று அறியத் திரையைப் பார்க்கவே வேண்டாம். வாங்கி வைத்த காபி ஆடை கட்டிக் கிடக்கும். பத்து மணிக்கு ஒரு லாட், பதினொன்றுக்கு இரண்டு, ஒரு மணிக்கு நாலு. ஆவரேஜ் செய்கிறேன் என்பார். உண்மையில் சந்தையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சந்தைக்கு உன்மேல் பகை இல்லை, உன் பெயரே அதற்குத் தெரியாது. கோபம் வந்தால் ஸ்கொயர் ஆஃப் செய்து கணக்கை முடித்துவிட்டுக் கோயில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வா.

6. அடுத்தவர் பணத்தைத் தொடாதே. 1906-ல் மதராஸில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. அதன் லண்டன் கூட்டாளி ஆடிய சூதாட்ட வணிகத்துக்கு, இங்கே நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் விலை கொடுத்தன. அந்த அடிக்குப் பிறகுதான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியை உருவாக்கினார். நகைக்கடன், பர்சனல் லோன், அப்பாவின் ஓய்வூதியப் பணம், தங்கையின் கல்யாணச் சேமிப்பு எதுவும் மார்ஜின் ஆகக்கூடாது. கடன் பணத்தில் உட்காருகிறவனால் சிறிய நஷ்டத்தை ஏற்க முடியாது. அதனாலேயே பெரிய நஷ்டம் வரும்.

7. வீட்டில் மறைக்காதே. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபி கணக்கெடுத்துச் சொன்னது. ஆளுக்குச் சராசரி இரண்டு லட்சம். நூற்றில் மீதி ஏழு பேரில் நீ ஒருவன் என்று உன் மனசு சொல்லும். நூறு பேர் மனசும் அதையேதான் சொன்னது. அதனால் தினமும் கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்து, புரோக்கரேஜும் வரியும் போக மிஞ்சியதை நோட்டில் எழுது. மாதம் ஒருமுறை அதை வீட்டில் காட்டு. காட்டக் கூசும் கணக்கு வந்தால் அந்த மாதமே நிறுத்து.

8. நிறுத்தக் கற்றுக்கொள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நஷ்டம் என்று, சந்தை திறக்கும் 9.15-க்கு முன்பே முடிவு செய். அதைத் தொட்டதும், மணி பத்தே ஆனாலும், டெர்மினலை மூடு. வேலையை விடாமல், ஓராண்டுக்கு ஒரு லாட்டுக்கு மேல் போகாதே. ஆண்டு முடிவில் நோட்டு லாபம் காட்டவில்லை என்றால் விட்டுவிட்டு வந்துவிடு. விட்டு வந்தவனை நான் ஒருநாளும் தோற்றவன் என்று சொல்லமாட்டேன். தன் அளவு தெரிந்தவன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.