பழைய கம்ப்யூட்டர்: எதை ரிப்பேர் செய்யலாம், எதை விடலாம்?

பழைய கம்ப்யூட்டரைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இதற்கு மேலும் செலவு செய்யலாமா?" என்பதுதான். செய்யலாம், ஆனால் எல்லாப் பாகங்களுக்கும் அல்ல. எஞ்சின் போன காருக்குப் புது டயர் மாட்டுவதில் என்ன பயன்? நான் பின்பற்றும் வரிசையை இங்கே தருகிறேன்.

1. முதலில் பேக்கப்: கம்ப்யூட்டர் இயங்கும்போதே போட்டோக்களையும் முக்கிய பைல்களையும் பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ காப்பி செய்துவிடுங்கள். பாகத்தைக் கடையில் வாங்கலாம். பைலை வாங்க முடியாது.

2. பிராசஸரைப் பாருங்கள்: ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிராசஸர் பெயரும் ராம் அளவும் தெரியும். இன்டெல் ஐ5-6500 என்றிருந்தால் அது ஆறாம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் கோர் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும்; டி.பி.எம். 2.0 வசதியும் 4 ஜிபி ராமும் தேவை. அதற்கும் பழையது என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் பெரிய செலவு வேண்டாம்.

3. தயங்காமல் செய்ய வேண்டியவை: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி, நேரம் தவறாக வருகிறதா? பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப்களில் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி இருக்கும். விலை மிகக் குறைவு. தேதி தவறினால் பல இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். பலர் இதை வைரஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அதிக சூடானால் ஃபேனில் படிந்த தூசியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

4. யோசித்துச் செய்ய வேண்டியவை: கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். சாதாரண வேலையின்போதும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவது நல்ல பலன் தரும். அந்தச் செலவு வீணாகாது. கம்ப்யூட்டர் போனாலும் சாடா வகை எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, யூ.எஸ்.பி. கேஸில் போட்டுப் பயன்படுத்தலாம். ராம் அப்படியல்ல. டி.டி.ஆர்.3 ராம் டி.டி.ஆர்.4 ஸ்லாட்டில் பொருந்தாது. எனவே மிகப் பழைய கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கினால் அது அதோடு முடிந்துவிடும்.

5. விட்டுவிட வேண்டியவை: மதர்போர்டு போய்விட்டால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். அதே வகை போர்டு கிடைப்பது கடினம். புதிய வகை போட்டால் பிராசஸர், ராம் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். ஒரு ரிப்பேர் மூன்று செலவாகிவிடும்.

எச்சரிக்கை: லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள். டெஸ்க்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பழுதானால் முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.

கடைசியாக, கடைக்காரரிடம் வேலை தொடங்கும் முன்பே மொத்தச் செலவைக் கேளுங்கள். அதே மாதிரி பழைய கம்ப்யூட்டர் இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றும் விசாரியுங்கள். ரிப்பேர் செலவு அதில் பாதியைத் தாண்டினால், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.