அச்சத்திலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

எகிப்தியத் தாயத்துகளை வைத்து நகை செய்யப்போகும் செய்தி மகிழ்ச்சி தந்தது. உன் வரைபடங்களில் கோடு சுத்தமாக விழுந்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் வெள்ளியில் வார்ப்பதாகக் குறித்திருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பண்டை எகிப்தியருக்குக் காவல் உருவத்தில் மட்டும் இல்லை. கல்லிலும் நிறத்திலும் இருந்தது. அவர்களின் ஈம மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 156ஆம் அத்தியாயம் ஐசிஸ் தேவியின் முடிச்சைச் சிவப்பு ஜாஸ்பரில் செய்யச் சொல்கிறது. அந்தச் சிவப்பு ஐசிஸின் குருதி. ஒசைரிஸ் தெய்வத்தின் முதுகெலும்பாகக் கருதப்பட்ட ஜெத் தூணுக்கு 155ஆம் அத்தியாயம் பொன்னைக் கேட்கிறது. பாப்பிரஸ் தண்டுத் தாயத்துக்குப் பச்சைக்கல், அது துளிரின் நிறம் என்பதால்.

சாணவண்டுத் தாயத்தை எல்லாரும் மேலிருந்தே வரைகிறார்கள். நீ இதய வண்டைப் புரட்டிப் பார். மறுமையில் இதயத்தைத் தராசில் ஏற்றி, உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகுக்கு எதிரே நிறுப்பார்கள். அப்போது தன் இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுமோ என்று மனிதன் அஞ்சினான். அப்படிச் சொல்லாதே என்று இதயத்திடம் மன்றாடும் மந்திரத்தை வண்டின் அடிப்பக்கத்தில் செதுக்கிப் பிணத்தின் மார்பில் வைத்தார்கள்.

உயிரோடு இருந்தவர்களுக்கும் அச்சங்கள் இருந்தன. கர்ப்பிணிக்கு நீர்யானை உருவிலான தவெரெத் தெய்வம் துணை. நீரில் மூழ்காதிருக்கக் குழந்தையின் சடையில் மீன் தாயத்து. வெஸ்ட்கார் பாப்பிரஸ் என்னும் எகிப்தியக் கதைச்சுவடியில் ஒரு கதை உண்டு: படகு வலிக்கும் பெண்ணின் டர்க்கைஸ் மீன் ஏரியில் விழுகிறது. வேறொன்று தருவதாக மன்னன் ஸ்னெஃப்ரு சொல்லியும் அவள் இசையவில்லை. தன்னுடையதே வேண்டும் என்கிறாள். தாயத்து அணிந்தவருக்கு அது என்னவாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அருங்காட்சியகமும் உனக்குச் சொல்லாது.

ஆகவே முதலில் கேள்: இது எந்த அச்சத்துக்குப் பதில்? உடலில் எங்கே இருந்தது? பிறகு பொருளைத் தேர்ந்தெடு. விலையுயர்ந்த கல் இல்லாவிட்டால் ஃபையான்ஸ் என்னும் பளபளப்பான சுட்ட பொருளைச் செய்யக் கற்றுக்கொள். குவார்ட்ஸ் பொடி, சிறிது சுண்ணாம்பு, நேட்ரான் உப்பு, செம்புச் சேர்மம் ஆகியவற்றை நீரில் பிசை. பொறுமையாக உலரவிடு, உப்பு தானே மேலே பூத்து, சூளையில் நீலப்பச்சைப் பளபளப்பாகும்.

இன்னொன்று. பழம்பொருள் வணிகத்தை எகிப்து 1983இல் 117ஆம் எண் சட்டத்தால் தடைசெய்தது. மாதிரிக்கென்று மூலம் தெரியாத பழைய தாயத்தை வாங்காதே. உன் வேலையைப் பழையதென்று யாரும் விற்காதபடி, நீ செய்யும் ஒவ்வொன்றிலும் உன் முத்திரையையும் ஆண்டையும் பதித்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்