தலை நீர்க்கோவைக் குழாயின் முதுமை

மூளையின் உள்ளறைகளில் இடையறாது ஊறும் நீர், வளர்ந்தவர்களிடத்தில் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் ஆகும். அது வடியும் வழி அடைபடின் அறைகள் விரிகின்றன. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இணையாத குழந்தைக்குத் தலை பெருக்கிறது. இந்நோய்க்கு, மிகுந்த நீரைத் தோலடிக் குழாயொன்றின் வழியே வயிற்றினுள் வடித்துவிடுவது பெருவழக்கான சிகிச்சையாகும். ‘ஷண்ட்’ எனப்படும் இக்கருவியில் மூளையறைக் குழாய், ஒருபுறமாக மட்டும் நீரை விடும் வால்வு, கழுத்தையும் மார்பையும் கடந்து இறங்கும் நீண்ட குழாய் ஆகியவை உண்டு.

அமெரிக்கத் தொழில்நுட்பரான ஜான் ஹோல்ட்டர், நோயுற்ற தம் மகனின் பொருட்டு 1956ஆம் ஆண்டையொட்டி அமைத்த வால்வினால் சிலிக்கோன் ரப்பர் இத்துறையில் நிலைபெற்றது. இறக்குமதிக் கருவியை வாங்க இயலாத குடும்பங்களுக்கென, புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் குழந்தை அறுவை மருத்துவர் உபாத்யாயா விலை குறைந்த ஷண்ட் ஒன்றை வகுத்தார். உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் செய்யப்படும் சாப்ரா ஷண்ட்டும் இத்தகையதே. உகாண்டாவில் விலை மிகுந்த கருவியோடு அதனை ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் குழாய் வாழவேண்டியதோ குழந்தையின் ஆயுட்காலம் முழுவதும் அன்றோ?

தொடக்க ஆண்டுகளில் அடைப்பும் கிருமித் தொற்றுமே பெருந்தொல்லைகள். குழாயின் பொருளே நலிவடைதல் பல ஆண்டுகள் சென்றபின் தோன்றுவது. உடல் அதனைச் சுற்றி நார்த்திசு உறையொன்றை அமைக்கிறது. புறப்பரப்பில், சிறப்பாகக் கழுத்துப் பகுதியில், கால்சியம் பாஸ்பேட் படிகிறது. வளைந்து கொடுத்த ரப்பர் விறைத்து நொறுங்கும் தன்மையடைகிறது. குழந்தை வளருந்தோறும் கழுத்து நீள்கிறது. வளர்ச்சிக்கென வயிற்றினுள் மிகையாக விடப்பட்ட குழாய் மேலெழ வேண்டும்; உறையும் சுண்ணப்படிவும் அதனைப் பற்றிக்கொள்வதால் அது நகர்வதில்லை. தலையசைவால் ஓயாது வளையும் அவ்விடத்திலேயே முறிவு பெரும்பாலும் நேர்கிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிவதற்காகக் குழாயிற் கலக்கப்படும் பேரியம் சல்பேட்டும் இந்நலிவுக்குத் துணைசெய்வதாகக் கருதப்படுகிறது. அதனை நீக்கினாலோ, முறிவைப் படத்தில் காண்பது அரிதாகிவிடும்.

முறிந்த குழாய் உடனே நோயைக் காட்டாமலும் இருக்கலாம். இரு முனைகளுக்கிடையே நார் உறையே வாய்க்காலாக நின்று சிறிது காலம் நீரைக் கடத்தும். ‘குழாயின்றியும் பிள்ளை நலமாயிருக்கிறான்’ என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே; அவ்வாறு எண்ணி மருத்துவரைக் காணாதிருத்தல் ஆபத்தானது. உறை சுருங்கியதும் தலைவலி, வாந்தி, அயர்வு, பார்வை மங்கல் ஆகியவை திரும்புகின்றன. காலந்தாழ்த்தின் கண்ணொளியோ உயிரோ இழக்கப்படலாம். சிலரிடத்தில் படிப்பில் நாட்டம் குறைவதே முதற்குறியாக அமைகிறது.

சுண்ணம் படிந்த பழைய குழாயை இழுத்தெடுக்க முயலின் அது துண்டு துண்டாக அறும். ஆகவே தொற்று இல்லையெனில் பழையதைத் தோலடியிலேயே விட்டு, மறுபுறத்தில் புதியதைப் பொருத்துவோரும் உளர். நீரோட்டத்தின் தடை மூளையின் நடுக்கால்வாயில் இருப்பின், உள்நோக்குக் கருவியால் மூன்றாம் அறையின் அடித்தளத்தில் துளையிட்டுக் குழாயையே தவிர்க்கவும் இயலும்.