கற்பித்தற்கு உரியார் எவர்?

நன்னூற் பொதுப்பாயிரத்தைப் பாடமாகக் கேட்கும் நம்மனோர்க்கு, மாணாக்கர் இலக்கணம் கூறும் பகுதி சிறிது நகையும் சிறிது அச்சமும் ஒருங்கே விளைப்பதாகும். கடை மாணாக்கரை ஓட்டைக் குடத்திற்கும் எருமைக்கும் பன்னாடைக்கும் ஒப்பிட்ட பவணந்தி முனிவர், அவ்வளவில் நில்லாது, நூல் சொல்லத் தகாதார் இன்னின்னார் என வேறொரு வரிசையும் வகுத்துள்ளார். கள்வனும் சோம்பனும் அவ்வரிசையில் நிற்றல் ஒக்கும். பிணியனும் மந்தனும் செய்த பிழை யாது? எங்கள் தெருவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உளன். அவன் வாய்திறந்து பேசுவதில்லை. அழைத்தால் திரும்பிப் பாரான். அவனை ஒரு பள்ளியிற் சேர்க்கச் சென்று, இடமில்லை என்ற விடையுடன் மீண்ட அவன் தாயார், "இவனுக்கு யார் தம்பி சொல்லித் தருவார்?" என்று என்னைக் கேட்ட நாள்முதல், நன்னூல் எழுப்பிய ஐயம் எனக்கு ஏட்டளவில் நின்ற ஐயமாக இல்லை. அதற்கு விடை தேடிப் படித்தபொழுது யான் அறிந்த ஓர் ஆசிரியையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பேன். அவர் இங்கிலாந்து தேசத்து ஸிபில் எல்கார் அம்மையார் (1914–2007).

அம்மையாரின் பணியை உணர்தற்கு முன், அவர் காலத்து நிலையை அறிதல் வேண்டும். ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமையும் ஒரு வேறுபாடு. அஃதுடையார்க்குப் பிறரோடு பேசிப் பழகுதல் அரிதாகலாம்; ஒலியும் ஒளியும் சிலர்க்குத் தாங்கவொண்ணாதனவாகும்; பழகிய ஒழுங்கு மாறின் உள்ளம் கலங்கும். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், இத்தகைய குழந்தைகள் 11 பேரைக் குறித்து எழுதிய கட்டுரையே இதனை உலகறியச் செய்தது. ஆயின் அதன்பின் ஒரு கொடிய கொள்கையும் பரவிற்று. தாய்மாரின் அன்பின்மையே குழந்தையை இவ்வாறாக்கியது என்று கற்றோர் பலர் சாதித்தனர். 1967-இல் வெளிவந்த புருனோ பெட்டெல்ஹைம் என்பாரது நூல் இக்கருத்தை எங்கும் பரப்பியது. மரபு வழியாக வரும் இயல்பே இதற்குப் பெரிதும் காரணம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி தெளிவாக்கிவிட்டது. எனினும், அதற்குள் எத்தனை தாய்மார் செய்யாத குற்றத்திற்காகத் தம்மையே நொந்திருப்பர்!

சட்டமும் அக்குழந்தைகளுக்குத் துணைசெய்யவில்லை. இங்கிலாந்தின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஊனமுற்ற பிள்ளைகள் பலர்க்குக் கல்வி வழங்க விதித்ததாயினும், பள்ளியிற் கல்வி பெறும் ஆற்றலற்றவர் என முடிவு செய்யப்பெற்ற குழந்தைகளைக் கல்வி அதிகாரிகளிடமிருந்து நீக்கிச் சுகாதார அதிகாரிகளிடம் ஒப்புவித்தது. நன்னூலின் விலக்கு அங்கே சட்டமாகவே நின்றது எனலாம்.

இந்நிலையில், நடுவயதை எய்திய ஸிபில் எல்கார் அம்மையார் மாண்டிசோரி முறையில் ஆசிரியப் பயிற்சி பெற்று வந்தார். 1958-ஆம் ஆண்டளவில், பயிற்சியின் பொருட்டு, மனநிலை குலைந்த குழந்தைகள் எனப்பட்டோர் இருந்த ஓரிடத்தைக் காணச் சென்றார். கண்ட காட்சி அவர் நெஞ்சை உலுக்கியது. அக்குழந்தைகளைக் காத்து வைத்தனரேயன்றி, அவர்க்கு எதனையும் கற்பிக்க முயன்றாரில்லை. கற்பித்துப் பார்த்த பின்னரன்றோ கல்லார் எனல் வேண்டும் என அம்மையார் துணிந்தார். பெரும்பொருளோ கட்டடமோ அவரிடம் இல்லை. இலண்டன் மாநகரில் ஸெயிண்ட் ஜான்ஸ் உட் என்னும் பகுதியிலிருந்த தம் இல்லத்தின் நிலவறையிலேயே, 1960-களின் தொடக்கத்தில், சில குழந்தைகளை வைத்துக் கற்பிக்கலானார்.

அவர் கைக்கொண்ட முறை யாதெனின், மருந்தன்று, மந்திரமுமன்று; ஒழுங்கும் பொறுமையுமே. பேச்சின் வெள்ளத்தில் பொருளை இழந்துவிடும் குழந்தைக்குச் சில சொற்களே, தெளிவாகச் சொல்லப்படும். சொல்லால் விளங்காதது கண்ணாற் காட்டப்படும். ஒவ்வொரு செயலும் சிறு சிறு படிகளாகப் பகுக்கப்படும். சான்றாக, சட்டைக்குப் பொத்தானிடும் பெரியோர்க்கு அஃது ஒரே செயலாகத் தோன்றும். குழந்தைக்கோ பொத்தானைப் பற்றல், துளையைத் தேடல், நுழைத்தல், மறுபுறம் இழுத்தல் எனப் பல செயல்களாம். ஒன்று கைவந்த பின்னரே மற்றொன்று தொடரும். நாளின் நிகழ்ச்சிகளும் ஒரு முறைப்படியே நடைபெறும்; அடுத்து வருவது இன்னதென அறிந்த குழந்தைக்கு அச்சம் தணியும்; அச்சம் தணிந்த இடத்திலே கல்வி தொடங்கும்.

இஃதிங்ஙனமாக, 1962-ஆம் ஆண்டில் இக்குழந்தைகளின் பெற்றோர் ஒன்றுகூடி ஒரு சங்கம் நிறுவினர். தாமும் இத்தகைய மகள் ஒருத்தியின் தாயாகிய மருத்துவர் லோர்னா விங் அதனை நிறுவினோருள் ஒருவர். இன்று தேசிய ஆட்டிசச் சங்கம் எனப்படுவது அதுவே. அச்சங்கத்தார் 1965-இல் இலண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு பள்ளியைத் திறந்து, அதனை அம்மையாரின் பொறுப்பில் விட்டனர். பின்னாளில் அப்பள்ளி அவர் பெயரையே தாங்கலாயிற்று.

நிலவறையில் மூண்ட சிறுவிளக்கின் ஒளி பாராளுமன்றத்தையும் எட்டிற்று எனல் மிகையன்று. பெற்றோரும் ஆசிரியரும் பலராய்க் கூடி முயன்றதன் பயனாக 1970-இல் ஒரு புதிய சட்டம் பிறந்தது. அது 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபொழுது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கல்விக்குப் புறம்பான குழந்தை ஒருவரும் இலர் என்னும் நிலை ஏற்பட்டது. 1973-இல் பார்ட்டாக், ரட்டர் என்னும் ஆராய்ச்சியாளர், வெவ்வேறு முறையிற் கற்பித்த மூன்று நிலையங்களை ஒப்புநோக்கி, ஒழுங்குபடுத்திய கற்பித்தல் மிகுந்த இடத்திலேயே குழந்தைகள் கல்வியில் மேம்பட்டனர் எனக் கண்டனர்.

பிள்ளைகள் வளர்ந்தனர். பள்ளிப் பருவம் முடிந்தபின் இவர்க்குப் புகலிடம் யாது என்னும் கவலை எழுந்தது. 1974-இல் ஸமர்ஸெட் கோட்டத்தில் ஸமர்ஸெட் கோர்ட் என்னும் இல்லம் திறக்கப்பெற்றது. வளர்ந்தோர் ஒருங்கு வாழ்ந்து தொழில் பயில அமைந்த அவ்வில்லத்திற்கும் அம்மையாரே முன்னின்றார். 2007 ஜனவரியில், தமது 92-ஆம் வயதில், அவர் இவ்வுலகு நீத்தார்.

அம்மையார் ஆட்டிசத்தை நீக்கினார் என எவரும் கருதற்க. அது நீக்குதற்குரிய நோயன்று. அவர் காலத்து வழக்கங்கள் யாவும் இன்று அவ்வாறே பின்பற்றப்படுவனவுமல்ல. ஆட்டிசமுடையோர் தாமே நூலெழுதியும் பேசியும், எங்களைப் பிறர்போல் ஆக்க முயலாது எங்கள் இயல்பறிந்து கற்பிமின் என வேண்டும் காலம் இது. ஆயினும் அவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்க்கும் ஆசிரியர் இன்று உளராதற்கு, அன்று நிலவறையிற் குனிந்திருந்து பொத்தானிடக் கற்பித்த கைகளும் ஒரு காரணமாம்.

இனி, நன்னூலுக்கு மீள்வேம். நூல் சொல்லலாகாதாரை வகுக்கும் முன்னரே, பாடஞ்சொல்லும் முறையைப் பவணந்தியார் வகுத்துவிட்டார். ஆசிரியன் விரைதலும் வெகுளலுமின்றி, கேட்போன் எவ்வாறு ஏற்பான் என்பதை அறிந்து, அவனது உள்ளம் கொள்ளுமாறு சொல்லல் வேண்டும் என்பது அவர் கருத்து. இவ்விதியை முற்ற நிறைவேற்றிய ஆசிரியர்க்குப் பின்வரும் விலக்கு எத்துணை வேண்டப்படும்? ஸிபில் எல்கார் அம்மையார் தமிழறியார், நன்னூலும் கண்டிலர். எனினும் முதல் விதியை முழுதும் பேணியதால், மந்தன் என்று தள்ளப்பட்டவனை மாணாக்கன் என்று கண்டார்.

சகோதர மாணவர்களே! நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். நம் முன் வந்தமரும் பிள்ளை கற்கவில்லையெனின், அவனை எக்குடத்திற்கு ஒப்பிடலாம் என்று எண்ணுமுன், அவன் ஏற்கும் வழியை நாம் அறிந்தோமா என்று நம்மையே வினவுவோமாக. மாலைதோறும் யான் அச்சிறுவனுடன் சிறிதுபொழுது அமர்ந்து வருகின்றேன். அவன் என்னிடம் கற்றது இன்னும் மிகச் சிறிது. குறைத்துப் பேசவும் காத்திருக்கவும் யான் அவனிடம் கற்று வருகின்றேன்.