கிராஸ் குட்டிக்கு எவ்வளவு கேட்கலாம்?

"கிராஸ் குட்டிதானே தம்பி, அதுக்கு எதுக்குக் காசு?"

நாய்க்குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கும் வேலையில் இறங்கியவர்களுக்கு, பெரம்பலூரானாலும் அரியலூரானாலும், போனில் முதலில் வரும் கேள்வி இதுதான். நீங்கள் கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கலாம். வாசலில் யாரோ விட்டுப்போன ஐந்து குட்டிகளை எடுத்து வளர்த்த கல்லூரி மாணவராக இருக்கலாம். பதில் ஒன்றுதான்: "குட்டிக்குக் காசு இல்லைங்கண்ணே. அதுக்குப் போட்ட ஊசிக்கும் மருந்துக்கும்தான்."

இந்தப் பதில் எடுபட வேண்டுமானால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு நோட்டு போடுங்கள், ஒரு ஈற்றுக்கு ஒரு பக்கம். இரண்டாவது வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணை. இந்த இரண்டும்தான் கட்டணத்தின் அடித்தளம். தடுப்பூசிக்கு 600, பூச்சி மருந்துக்கு 150 ஆயிற்று என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 750 ரூபாய். விலை இடத்துக்கு இடம் மாறும்; உங்கள் ரசீதில் உள்ளதைப் போடுங்கள். நீங்கள் ஊற்றிய பாலும் பிசைந்த தயிர்ச்சோறும் பெட்ரோலும் இதில் வரக்கூடாது. ரசீது காட்ட முடியாத எதையும் கட்டணத்தில் சேர்க்காதீர்கள்.

அந்த 750 ரூபாய் இங்கே எவ்வளவு பெரிய தொகை என்பதையும் யோசிக்க வேண்டும். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அப்படியானால் இது இரண்டு நாள் கூலிக்கும் மேல். வேப்பந்தட்டை பக்கம் மக்காச்சோளக் காட்டில் கூலிக்குப் போகிறவர், பத்து வருஷம் நாய் வளர்த்துப் பழகியவர், வந்து கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். ஊசியை மட்டும் தள்ளுபடி செய்யாதீர்கள். ஊசி போடாத குட்டியை இலவசமாகக் கொடுப்பது பார்வோவை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதாகவே முடியலாம்.

ஒரு குட்டிக்குப் பார்வோ வந்து, டிரிப் ஏற்றி, ஆயிரக்கணக்கில் செலவாகிவிட்டதா? அதை எடுக்கிறவர் தலையில் கட்டாதீர்கள், மற்றக் குட்டிகள் மேலும் பிரித்துப் போடாதீர்கள். அதற்கு நன்கொடைதான் கேட்க வேண்டும், ரசீதோடு.

அடுத்தது தோற்றம். ஒரே ஈற்றில் ஒன்று தேன் நிறத்தில் லேப் மாதிரி இருக்கும், ஒன்று கறுப்பாக இருக்கும். லேப் மாதிரி இருப்பதற்கு 2,000 கேட்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்டால் அது விலையாகிவிடும். எட்டு மாதத்தில் அந்தக் குட்டி நம் ஊர் நாயாகவே வளர்ந்து நிற்கும்போது, எடுத்தவர் ஏமாற்றிவிட்டதாக உங்கள் மேல் கோபப்படுவார், கோபம் நாய் மேலும் திரும்பும். "தாய் நாட்டு நாய், தகப்பன் தெரியாது" என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். ஓர் ஈற்றுக்கு ஒரே கட்டணம்.

பெட்டைக் குட்டிக்கும் அதே கட்டணம்தான். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கடுவன் குட்டிகள் முதல் வாரத்திலேயே போய்விடும், பெட்டைகள் தங்கிவிடும். சந்தைப்பேட்டை ஓரத்திலும் கோயில் வாசலிலும் சாக்கில் கட்டி விட்டுப்போகும் குட்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் பெட்டைகள். அதனால் பலர் பெட்டையை இலவசம் என்று அறிவித்துவிடுகிறார்கள். அவை மட்டமானவை என்று நாமே முத்திரை குத்துவதாகத்தான் அது முடிகிறது. மக்களின் பயம் விலையைப் பற்றியது அல்ல, "குட்டி போட்டுத் தள்ளுமே" என்பதுதான். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் முதல் பருவம் வரலாம். ஆகவே பேச்சைக் கருத்தடைக்குத் திருப்புங்கள். கட்டணத்தோடு 500 ரூபாய் முன்பணமாக வாங்கி, கருத்தடை செய்த சான்றைக் காட்டியதும் அப்படியே திருப்பிக் கொடுங்கள். அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் தனியாக வையுங்கள். எந்த மருத்துவமனையில், எந்த மாதம் என்பதை அன்றே பேசிக் குறித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

காசு வாங்கினால்தான் பாசமாக வளர்ப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் தத்துக் கொடுத்த பூனைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கட்டணம் கட்டி எடுத்தவர்களுக்கும் இலவசமாக எடுத்தவர்களுக்கும் பூனை மேல் இருந்த ஒட்டுதலில் வித்தியாசம் தெரியவில்லை. கட்டணம் செலவை ஈடுகட்டும், ஆளை எடைபோடாது. ஆளை எடைபோட நேரில் போக வேண்டும். அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோரம் வீடு என்றால், சுற்றுச்சுவரும் கேட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். களத்துக் காவலுக்கு என்றால், வருஷம் முழுக்கச் சங்கிலியில் கிடக்குமா என்று கேளுங்கள். ராஜபாளையம் கிராஸ், சிப்பிப்பாறை கிராஸ் என்று தேடி வருகிறவரிடம் வேட்டைக்கா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவர் 5,000 கொடுத்தாலும் குட்டி கிடையாது.

சட்டத்தையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. நீங்கள் விற்பவர் இல்லைதான், ஆனாலும் அந்த எட்டு வாரத்தை மீறாதீர்கள். நாயைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது. சட்டம் குட்டியைக் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

கொடுக்கும் நாளில் பணமும் குட்டியும் ஒன்றாகக் கைமாறட்டும். வீட்டைப் பார்க்கும் முன் ஜிபேயில் அட்வான்ஸ் வாங்காதீர்கள். பஸ்ஸில் கூடையில் வைத்து அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையை அவர் கையில் திறந்து காட்டுங்கள்: மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் தொகுதி எண், காலாவதித் தேதி, பக்கத்தில் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும். 750 ரூபாய் எங்கே போயிற்று என்பதற்கு அந்தச் சின்ன ஸ்டிக்கரே சாட்சி. "வளர்க்க முடியலைன்னா ரோட்டுல விடாதீங்க, எங்கிட்டயே கொண்டுவாங்க" என்று சொல்லி, அதையும் அட்டையின் பின்பக்கம் உங்கள் நம்பரோடு எழுதுங்கள். பதினைந்து நாளுக்குள் திரும்பி வந்தால் பணத்தையும் முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.

கூட்டுத் தடுப்பூசியின் அடுத்த தவணைகள் 16 வாரம் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் வரும். குட்டிக்கு 12 வாரம் ஆனதும் ரேபிஸ் ஊசி. அது உங்கள் கட்டணத்தில் இல்லை, எடுத்தவர் பொறுப்பு. ஆனாலும் தேதியை உங்கள் நோட்டில் எழுதி வைத்து, அன்றைக்குப் போன் செய்து போட்டாச்சா என்று கேளுங்கள்.