நீ இருக்கும்போதே திருத்திவிடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை, ஸ்பர்ஷ் ஓய்வூதியத் தளத்தில் எடுத்த பிரதி மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். உன் மனைவி பெயர் மூன்றிலும் ‘செல்வி’ என்றே இருக்கிறது. அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் ‘தமிழ்ச்செல்வி’. பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. யாரோ ஜனவரி 1 என்று போட்டுவிட்டிருக்கிறார்கள். “பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதே, இதற்காக ஏன் அலைய வேண்டும்?” என்று கேட்டிருக்கிறாய். இப்போது வருவது உன்னுடைய பென்ஷன். அது அவளுக்குப் போக வேண்டிய நாளில் அதிகாரிகள் பார்க்கப்போவது இந்தப் பெயரைத்தான்.

போன வருடம் நம் பக்கத்து ஊர் ஹவில்தார் ஒருவர் காலமானார். அவர் மனைவிக்குத் துணையாக நானும் அலுவலகம் போயிருந்தேன். அந்த அம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் கணவரின் இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ., ரேஷன் கார்டு, ஆதார். பி.பி.ஓ.வில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் முழுப்பெயர். கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் பார்த்துவிட்டு, “இதில் இருப்பவரும் நீங்களும் ஒருவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, அவர் வேலை அது. ஆனால் அத்தனை வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்திய அம்மா பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாசில்தாரிடம் இருவரும் ஒருவரே என்று சான்று, நோட்டரி, வாரிசுச் சான்று என்று அலைச்சல் தொடங்கியது. குடும்ப ஓய்வூதியம் வந்து சேரும்வரை மகனிடம் கை நீட்டித்தான் வாழ்ந்தார். கணவர் உயிரோடு இருந்தபோது “இவள்தான் என் மனைவி, பெயர் தவறாக ஏறிவிட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைவிடப் பெரிய அத்தாட்சி வேறு வேண்டியிருந்திருக்காது. உன்னிடம் அந்தக் கையெழுத்து இருக்கிறது.

தேதியும் அற்ப விஷயம் இல்லை. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்பது கடைசியாக நீ வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். அதை வாங்குகிறவருக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40 என்று ஏறிக்கொண்டே போய் 100 வயதில் இரட்டிப்பாகும். அந்த 80 எப்போது நிறைகிறது என்பதைப் பி.பி.ஓ.வில் இருக்கும் அவளுடைய பிறந்த தேதியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

தவறு எங்கே நேர்ந்தது என்பது எனக்குப் புரிகிறது. பட்டாலியனில் கிளார்க்காகவே காலம் தள்ளியவன் நான். கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பும் ஜவான் கம்பெனி ஆபீஸில் ஒரு படிவத்தை நிரப்புவான். அவசரத்தில் வாயில் வரும் பெயரைச் சொல்வான். தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுவார். சான்றிதழைக் கேட்க வேண்டியவர் கேட்கமாட்டார். அதுவே பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் உத்தரவாக வெளியாகி, ரெக்கார்ட் ஆபீஸில் உன் சேவைப் பதிவான ஷீட் ரோலில் ஏறி, அங்கிருந்து டிஸ்சார்ஜ் புக்குக்கும் பி.பி.ஓ.வுக்கும் போய்ச் சேரும். நம் ஊர் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும் இடத்தில் அப்பா பெயர் முன்னால் வந்துவிடுவதும், ‘ழ’ ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு விதமாக வருவதும் தமிழ்நாட்டுப் பையன்களுக்குப் பழகிப்போன தொல்லை. சர்வீஸில் இருக்கும்போது கவனித்திருந்தால் யூனிட்டே இன்னொரு பார்ட் டூ ஆர்டர் போட்டு முடித்திருக்கும். இப்போது ரெக்கார்ட் ஆபீஸிடம்தான் கேட்க வேண்டும்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்காரனான உனக்கு ரெக்கார்ட்ஸ் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. வடக்கே போன பையன்களுக்கு இருக்கும் சிரமம் உனக்கு இல்லை. முதலில் நம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போ. எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொள். ஒவ்வொரு ரெக்கார்ட்ஸும் கேட்பது கொஞ்சம் வேறுபடும். பொதுவாக மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்த அஃபிடவிட் கேட்பார்கள். பெயர் விஷயமாக இருந்தால் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் விளம்பரம் கேட்பதும் உண்டு. அவளுடைய பள்ளிச் சான்றிதழ்தான் உனக்கு முக்கியம். அதன் நகலை முதலில் வை.

விண்ணப்பம் ஒரே பக்கம் இருக்கட்டும். மேலே ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி, பி.பி.ஓ. எண். கீழே, இப்போது என்ன இருக்கிறது, என்னவாக இருக்க வேண்டும் என்று இரண்டே வரி. உன் சேவைப் பெருமையையோ வருத்தத்தையோ அதில் எழுதாதே. படிக்கிற கிளார்க்குக்கு எந்தப் பதிவை எப்படி மாற்ற வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்து. ரெக்கார்ட்ஸில் திருத்தியதோடு நின்றுவிடாதே. அவர்கள் எழுதி, பிரயாக்ராஜில் இருக்கும் பென்ஷன் கணக்கு அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. தந்து, ஸ்பர்ஷிலும் ‘தமிழ்ச்செல்வி’ என்று நீ கண்ணால் பார்க்கும்வரை வேலை முடியவில்லை. பாதியில் விட்டவர்கள்தான் அதிகம்.

டிஸ்சார்ஜ் புக்கில் பேனாவால் ஒரு புள்ளிகூட வைக்காதே. நல்ல எண்ணத்தோடு அடித்து எழுதினாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது மோசடிதான்.

உன் சொந்தப் பிறந்த தேதியையும் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிடு. நீ ஒரு வருடம் கழித்துப் பிறந்தாய் என்று அக்கா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பள்ளியில் சேர்க்க வயது போதாது என்று வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போடுவது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் சேரும்போது நீயே சான்றிதழ் காட்டிப் பதிந்த தேதி அது. ஓய்வு பெற்ற பிறகு அதை அசைக்க முடியாது. ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே.சிங் கதை உனக்கே தெரியும். ஒரு கிளையின் பதிவில் 1950, இன்னொரு கிளையின் பதிவில் 1951. பள்ளிச் சான்றிதழ் 1951 என்றிருந்தும் அரசு 1950-ஐத்தான் ஏற்றது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார். தளபதிக்கே அதுதான் நடந்தது. மேலும் யோசித்துப் பார்: வயதைக் குறைத்தால் உனக்கு 80-ல் கிடைக்கும் கூடுதல் பென்ஷன் ஒரு வருடம் தள்ளித்தான் போகும். எதற்காக இந்தப் போராட்டம்?

உன் தேதி விஷயத்தில் மாற வேண்டியது உன் ஆதார்தான். டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் தேதியையே ஆதாரில் கொண்டுவா. ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும் பெயரை இரண்டு முறையும்தான் மாற்ற விடுவார்கள், அதனால் எழுத்துக் கூட்டி நிதானமாகச் செய். செல்விக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். “ஆதாரில் ‘செல்வி’ என்று மாற்றிவிட்டால் சுலபம்” என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அவள் சான்றிதழ், பாஸ்புக், அப்பா எழுதிவைத்த பத்திரம் எல்லாம் முரண்படும். ஒரு தவறுக்காகச் சரியாக இருக்கும் எல்லாவற்றையும் கெடுக்காதே.

டிஸ்சார்ஜ் புக்கில் வேலூர் மாவட்டம் என்று இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீ 2004-ல் சேர்ந்தபோது நம் ஊர் வேலூர் மாவட்டம்தான். ராணிப்பேட்டை 2019-ல்தான் பிரிந்தது. முகவரியை மட்டும் புதுப்பித்தால் போதும். பிள்ளைகள் இருவரின் பெயரையும் தேதியையும் பிறப்புச் சான்றிதழோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள், இ.சி.எச்.எஸ். மருத்துவக் கார்டுக்கு அது வேண்டும்.

ரெக்கார்ட்ஸிலிருந்து பதில் வரத் தாமதமானால் நினைவூட்டல் எழுது. அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் பதிவு செய். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் இருக்கிறது. உன் விஷயத்துக்கு அதுவரை போக வேண்டியிராது.

செல்வியையும் கூடவே அழைத்துக்கொண்டு போ. எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, ஸ்பர்ஷில் எப்படி நுழைவது என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை எழுதியதும் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். தை பிறப்பதற்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
மாமா